நடந்து போகிறவர்களின் சம்பளம்

(திற்பரப்பில் கூடிய ஆதரவாளர்கள் மத்தியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவக் கல்லூரி என்றதும் நம் கண்முன் வருவது பெரிய கட்டிடம், ஸ்கேன் மெஷின், ஆபரேஷன் தியேட்டர். அதே கல்லூரியிலிருந்து காலையில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர்களுக்குள் போகிற ஒரு கூட்டமும் உண்டு. சமுதாய மருத்துவத் துறையின் டாக்டர், பொதுச் சுகாதார நர்ஸ், சமூகப் பணியாளர், அந்தந்த ஊரிலேயே குடியிருக்கும் சுகாதார ஊழியர். இவர்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். பேசி முடித்தபின் உங்களிடம் ஒன்று கேட்கவும் போகிறேன். அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

நம் சீமைக்கு இது புதிய காரியம் அல்ல. 1838-ல் டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே நெய்யூரில் லண்டன் மிஷனின் வைத்திய ஊழியத்தை ஆரம்பித்தார். 1861-ல் வந்த டாக்டர் ஜான் லோ இந்த நாட்டு வாலிபர்களைச் சேர்த்து ஒரு வைத்திய வகுப்பு நடத்தினார். அதில் தேறியவர்கள் கிளை ஆஸ்பத்திரிகளில் ஊழியம் செய்தார்கள். வெளிநாட்டு டாக்டர் ஒருவரால் எல்லா ஊருக்கும் போய்ச் சேர முடியாது என்பது ஒரு காரணம். ஊர்க்காரன் சொன்னால்தான் ஊர் கேட்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம் என்பது என் எண்ணம். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் சிகரத்தில் ஏற முயன்ற குழுக்களில் இருந்த டாக்டர் சாமர்வெல் இருபது வருஷத்துக்கு மேல் நெய்யூரில் அறுவை சிகிச்சை செய்தார். உங்கள் தாத்தாமார் அவர் பேரைச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். திருவிதாங்கூரில் குடற்புண் ஏன் இத்தனை பேருக்கு வருகிறது என்று அவர் ஆராய்ந்து எழுதினார். அறுத்துத் தைப்பதோடு நின்றுவிட அவருக்கு மனமில்லை. பின்னாட்களில் அவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போய் மாணவர்களுக்குக் கற்பித்தார்.

அந்த வேலூரில்தான் நான் சொல்லவந்த காரியம் மிகத் தெளிவாகத் தெரிகிறது. டாக்டர் ஐடா ஸ்கடர் 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். அதற்கு முன்பே அவர் குடியாத்தம் சாலையில் வாரந்தோறும் போய், மரத்தடிகளில் நிறுத்தி நிறுத்தி நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாலையோர வைத்தியம் முதலில் வந்தது, பள்ளிக்கூடம் பிறகு வந்தது. இந்த வரிசையை நாம் மறந்துவிடுகிறோம். 1977-ல் டாக்டர் தலீப் முக்கர்ஜி தலைமையில் கே.வி. குப்பத்தில் ‘ரூசா’ என்ற கிராமப் பணி ஆரம்பமானது. மருந்தோடு தொழிற்பயிற்சியும் கொடுத்தார்கள்.

கணியம்பாடி வட்டாரத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அங்கே ஒரு லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட ஜனங்கள். கல்லூரியின் சமுதாய நலத்துறை அங்கே நான்கு படியாக வேலை செய்தது. ஊரிலேயே வாழ்கிற பகுதிநேர ஊழியர், பெரும்பாலும் அதிகம் படிக்காத ஒரு தாய், முதல் படி. அவருக்கு மேலே பல ஊர்களைப் பார்க்கும் சுகாதார உதவியாளர். அதற்கு மேலே நர்ஸ். அதற்கும் மேலே டாக்டர். எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாள், எந்த வீட்டில் பிள்ளை பிறந்தது, யார் மரித்தார், எல்லாம் அந்த முதல் படியிலிருந்து மேலே வரும். ஒரு மரணம் என்றால், மேலே இருப்பவர்களும் அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, என்ன நடந்தது என்று விசாரித்துக் காரணத்தை எழுதுவார்கள்.

இப்படி எழுதி வைத்ததிலிருந்து ஒரு வேதனையான உண்மை வெளியே வந்தது. 1992 முதல் 2001 வரை பத்து வருஷக் கணக்கை எடுத்து, 10 வயதிலிருந்து 19 வயது வரை உள்ளவர்களின் மரணங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். பெண்பிள்ளைகளில் லட்சத்துக்கு 148 பேரும், ஆண்பிள்ளைகளில் லட்சத்துக்கு 58 பேரும் வருஷந்தோறும் தற்கொலையால் மரித்திருந்தார்கள். 2004-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் இதை வெளியிட்டது. இளம் பெண்களின் மரணங்களில் பாதிக்கு மேல் இந்தக் காரணத்தால்தான் என்று அதில் இருந்தது.

சகோதரரே, இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். போலீஸ் வரும், ஊர் பேசும், தங்கச்சியின் கலியாணம் தடைபடும் என்று பயந்து, வயிற்றுவலி என்றோ விபத்து என்றோ சொல்லிவிடுகிற மரணங்கள் இவை. எந்த ஸ்கேன் மெஷினும் இதைக் கண்டுபிடிக்காது. அந்த வீட்டில் பிரசவம் பார்க்க அழைத்துப் போனவள், பிள்ளைக்கு அம்மை ஊசி போட்டாயா என்று வாசலில் நின்று கேட்டவள், அவளிடம்தான் ஒரு தாய் உண்மையைச் சொல்வாள். வருஷக்கணக்காய் நடந்து நடந்து சம்பாதித்த நம்பிக்கை அது.

அந்தக் கல்லூரியில் முதல் வருஷ மாணவர்களை ஒரு கிராமத்தில் சில வாரம் தங்க வைக்கும் வழக்கம் உண்டு. வீடு வீடாய்ப் போய் விவரம் கேட்க வேண்டும். பையன்களுக்கு முதல் இரண்டு நாள் வாயே திறக்காது என்று கேள்வி. அவர்களை எந்த வீட்டுக்கு எப்போது அழைத்துப் போவது, என்ன கேட்கக் கூடாது என்று சொல்லிக்கொடுக்க ஊரை அறிந்த ஊழியர்கள் வேண்டும். டாக்டர்களுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர்களில் இந்த ஊழியர்களையும் சேர்க்க வேண்டும் என்பேன்.

இப்போது நாடு முழுவதும் இதற்கு ஒரு விதி வந்திருக்கிறது. 2021-22-ல் சேர்ந்த மாணவர்கள் முதல், ஒவ்வொரு எம்.பி.பி.எஸ். மாணவரும் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து பார்த்துவர வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் பாடத்திட்டத்தில் சேர்த்துவிட்டது. நம் பக்கத்தில் குலசேகரத்தில் ஒரு கல்லூரி, ஆசாரிபள்ளத்தில் அரசுக் கல்லூரி. எல்லாருக்கும் இந்த விதிதான். நல்ல விதி. ஆனால் மாணவர் படிப்பு முடிந்து போய்விடுவார், குடும்பம் அங்கேயேதான் இருக்கும். இடையில் நிற்கிறவர் யார்?

திற்பரப்புக்காரர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் பால்வெட்டுக்குப் போகிற வீட்டுக்குக் காலை பத்து மணிக்குக் கல்லூரி பஸ் வந்தால் கதவு பூட்டித்தான் இருக்கும். பால் எடுத்து, ஷீட் அடித்து முடிந்த பிறகுதான் அந்த வீட்டு அம்மாவுக்கு மூச்சுவிட நேரம். மழை பெய்தால் வெட்டு இல்லை, எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். அன்றைக்கு மாணவர்கள் வரமாட்டார்கள்! பேச்சிப்பாறைக்கு மேலே காணிக்காரர் குடியிருப்புகளுக்குப் போவதென்றால் அது தனிக் கணக்கு. இந்த நாள், நேரம், வழி எல்லாம் தெரிந்து, டாக்டரையும் மாணவரையும் அதற்குத் தக்கபடி நடத்துகிறவர்தான் சமுதாய நல ஊழியத்தின் தலைவர். அது டாக்டராகவும் இருக்கலாம், மூத்த நர்ஸாகவும் இருக்கலாம்.

இவர்களுக்குக் கல்லூரிகளில் மதிப்புக் குறைவு. சமுதாய மருத்துவம் படிக்கிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால், சர்ஜரியில் சீட் கிடைக்கவில்லையா என்று கேட்கிறவர்கள் நம் சபைகளிலும் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிக் கேட்காதிருங்கள்.

இனி என் விண்ணப்பம். நீங்கள் உதாரத்துவமாய்க் கொடுக்கிறவர்கள். கட்டிலுக்கும், வார்டுக்கும், ஆம்புலன்சுக்கும் கொடுத்திருக்கிறீர்கள். அவற்றில் பெற்றோரின் ஞாபகார்த்தமாகப் பேர் எழுதி வைக்கலாம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஊர் ஊராய் நடக்கிற ஒரு நர்ஸின் மேல் பெயர்ப்பலகை மாட்ட முடியாது. ஆகையால் அவருடைய சம்பளத்துக்கு யாரும் கொடுப்பதில்லை. திட்டப் பணம் மூன்று வருஷத்துக்கு வரும், பிறகு நின்றுவிடும். அதோடு அந்த ஊழியரும் வேறு வேலைக்குப் போய்விடுவார். அவர் பத்து வருஷமாய்ச் சேர்த்த நம்பிக்கை அடுத்து வருகிறவருக்குக் கைமாறாது. அவர் முதல் வாசலிலிருந்து திரும்பவும் ஆரம்பிக்க வேண்டும்.

நீங்கள் தாங்குகிற ஆஸ்பத்திரி எதுவானாலும் சரி, அடுத்த முறை காணிக்கை அனுப்பும்போது தாளில் “சமுதாய நல ஊழியர் சம்பளத்துக்கு” என்று ஒரு வரி எழுதுங்கள். ஒரே தடவை பெரிய தொகையாக அனுப்புவதைவிட மாதாமாதம் சிறு தொகை அனுப்புவது இதற்கு ஏற்றது, ஏனென்றால் சம்பளம் மாதாமாதம் கொடுக்கப்பட வேண்டியது. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்தும் ஒரு ஊழியரைத் தாங்கலாம். பெண்கள் ஐக்கியத்தார் இதைப் பற்றிப் பேசிப் பார்க்கட்டும். அப்படி அனுப்பினால், அந்த ஊழியர் எந்தெந்த ஊர்களுக்குப் போகிறார் என்று வருஷத்துக்கு ஒரு முறை எழுதித் தரும்படி ஆஸ்பத்திரியைக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.