கம்பி வரும் நாளும் கான்கிரீட் போடும் நாளும்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"பசங்களுக்குப் பிரயோஜனமா ஏதாவது பேசுப்பா" என்று செயலாளர் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்தது சைட்டுக்குச் சாமான் வந்து சேருகிற கதைதான். அதையே சொல்கிறேன்.

2012இல் இங்கே சிவில் முடித்தேன். 2014 ஆடி மாதம், திருத்தணிக்கு அப்பால், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருடைய வீட்டுக்குத் தளம் போட வேண்டும். 1,000 சதுர அடி, 5 அங்குலம். சுமார் 12 கன மீட்டர், அதாவது 6 கன மீட்டர் ரெடிமிக்ஸ் வண்டி இரண்டு. கம்பி நாலு நாள் தாமதம். என் கையில் உபரியாக ஒரு நாள்கூட இல்லை. தள்ளித் தள்ளிப் போய், ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள், பரணியன்று வந்து நின்றது.

கனகம்மாசத்திரத்தில் நாலு வருஷம் படித்தவனுக்கு அந்த நாளில் சாலை எப்படி இருக்கும் என்று தெரியாதா? தெரியும். ஆனாலும் போட்டேன். முதல் வண்டி விடியற்காலையில் வந்துவிட்டது. இரண்டாவது காவடிக் கூட்டத்தில் மாட்டி, கலவை ஏற்றி மூன்று மணி நேரம் கழித்து வந்தது. ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டி முடிக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 4926. உறைவதைத் தாமதப்படுத்தும் மருந்து சேர்த்தால் நேரம் கூடுதலாகக் கிடைக்கும், நாங்கள் சேர்க்கவில்லை.

"திருப்பி அனுப்பிடலாமா சார்?" என்று மேஸ்திரி கேட்டார். நான், "தண்ணி ஊத்திக் கொட்டச் சொல்லுங்க" என்றேன்.

ஐப்பசி மழையில் இரண்டு லோடும் சேர்ந்த இடத்தில் ஒழுகியது. அந்த ஆசிரியர் சத்தம் போடவில்லை. "படிச்ச பிள்ளையாச்சேன்னு நான் மேலே ஏறிக்கூடப் பார்க்கலை தம்பி" என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சென்ட்ரிங் தகடு, கம்பி, எலெக்ட்ரிக் பைப், கவர் பிளாக், கான்கிரீட் வண்டி என்று ஐந்து. ஒவ்வொன்றும் பத்துக்கு ஒன்பது தடவை சொன்ன நாளில் வரும் என்று வையுங்கள். நல்ல ஆட்கள்தான். ஆனால் ஐந்தும் தவறாமல் வருவது நூற்றுக்கு 59 தடவைதான். ஒன்பதை ஐந்து முறை பெருக்கிப் பாருங்கள்.

அதற்காக ஒவ்வொரு சாமானுக்கும் ரகசியமாக இரண்டு நாள் கூட்டிச் சொல்வதும் உதவாது. கடைக்காரருக்கும் அந்த ரகசியம் தெரியும்! எலியாஹு கோல்ட்ராட் 1997இல் எழுதிய 'கிரிட்டிகல் செயின்' நூலில் இதற்கு மாணவர் நோய் என்றே பெயர் வைத்திருக்கிறார். பரீட்சையை ஒரு வாரம் தள்ளிவைத்தால் அந்த ஒரு வாரமும் சினிமாவுக்குப் போய்விடும், இல்லையா? (முன் வரிசையில் சிலர் சிரிக்கிறீர்கள்.) உபரி நாளை ஒரே இடத்தில், எல்லோரும் பார்க்க வைக்கச் சொல்கிறார் அவர்.

இப்போது நான் எல்லாச் சாமானும் சேரும் நாளுக்கும் தளம் போடும் நாளுக்கும் நடுவே ஐந்து நாள் விடுகிறேன். மேஸ்திரிக்கும் வீட்டுக்காரருக்கும் சொல்லியே விடுகிறேன். வாடகைத் தகடு சும்மா நிற்கிறதே என்று வீட்டுக்காரர் முணுமுணுப்பார். நியாயம்தான், அது செலவுதான். ஐப்பசி, கார்த்திகையில் இன்னும் கூட்டுவேன். 2018 ஜூலையில் லாரி வேலைநிறுத்தம் எட்டு நாள் ஓடியது. அதற்கு என் ஐந்து நாள் போதவில்லை, சைட் நின்றது. ஆனால் எந்தத் தளமும் பாதியில் நிற்கவில்லை.

ரெடிமிக்ஸ் வண்டிக்கு மட்டும் இந்த ஐந்து நாள் பயன்படாது. அதற்கு நிமிடக் கணக்கு. முந்தின நாளே பைக்கில் அந்த வழியில் போய்ப் பார்த்துவிடுகிறேன். வண்டி நேரம் தாண்டினால் திருப்பி அனுப்புவேன், பணத்தை வீட்டுக்காரரிடம் கேட்பதில்லை. இதுவரை இரண்டு வண்டி திரும்பிப் போயிருக்கிறது.

அடுத்த மாதம் பக்கத்திலேயே ஒரு தளம் போடுகிறோம். இறுதியாண்டு மாணவர்கள் வரலாம். காலை நாலு மணிக்கு வந்துவிட வேண்டும். டீ என் செலவு.