உறங்கிய வரி விழித்தபோது



வரி என்றதும் முகஞ்சுளிப்பது மக்களின் இயல்பு. அதை அறிந்து, வரியை உயர்த்தாதிருப்பதே அருஞ்செயல் என்று ஆட்சியாளர் கருதுவதும் இயல்பு. இவ்விரு இயல்புகளும் கைகோத்துக் கொண்டால் என்ன நேரும்? சென்னை மாநகரின் சொத்துவரியே அதற்குச் சான்று!

1998ஆம் ஆண்டில் உயர்ந்த வரி, அதன்பின் உறங்கிற்று. மாநகரம் உறங்கிற்றா? இல்லை! 174 சதுர கிலோமீட்டராக இருந்தது, 2011இல் 426 ஆக விரிந்தது. எரிபொருள் விலை ஏறிற்று. துப்புரவுத் தொழிலாளரின் கூலி ஏறிற்று. வரி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. 2018இல் அதைத் தட்டி எழுப்பினர். 2019இல் தாலாட்டி மீண்டும் உறங்க வைத்தனர். 2022இல் விழித்தது, பெரும் பசியோடு!

பழைய மாநகரப் பகுதியில், 600 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்கு நூற்றுக்கு 50. 1,200 வரை 75. 1,800 வரை 100. அதற்கு மேல் 150 என உயர்வு வந்தது. சிறு வீட்டுக்குச் சிறு சுமை, பெரு வீட்டுக்குப் பெருஞ்சுமை என்னும் நெறி நல்லதே. ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு நூற்றுக்கு மூன்று வீதம் உயர்த்தி வந்திருந்தால், 24 ஆண்டுகளில் வரி இரு மடங்காகியிருக்கும். 1,500 சதுர அடி வீட்டுக்காரருக்கு ஒரே நாளில் வந்ததும் அதே இரு மடங்குதான்! சிறுகச் சிறுக ஏற்றியிருந்தால் தாங்கியிருப்பார். மொத்த மூட்டையையும் ஒருசேரத் தோளில் வைத்ததால் தள்ளாடினார்.

வரியை உறங்க வைப்பது சலுகையன்று, கடன்! அந்த உறக்கத்தில் மிகுதியாக மிச்சம் பிடித்தவர் யார்? குடிசைக்காரரா? பெரிய கட்டடத்துக்காரர் அல்லவா!

2024இல் மாநகராட்சி மன்றம் நூற்றுக்கு 6 உயர்த்தத் தீர்மானித்தபோது முணுமுணுப்பு எழுந்தது. உயர்வின் அளவைப் பற்றி வாதிடுவோம். ஆனால், மீண்டும் உறங்க வையுங்கள் என்று கேளோம்.

அப்படியானால் எளியோருக்குச் சலுகையே வேண்டாமா? வேண்டும்! கணவர் கட்டிய 2,000 சதுர அடி வீட்டில், ஓய்வூதியத்தில் காலந்தள்ளும் மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். சதுர அடி அவருடைய சுவரை அளக்கிறது, அடுப்பை அளக்கவில்லை. கலிபோர்னியாவில், வருவாய் குறைந்த, 62 வயது நிறைந்த வீட்டுக்காரருக்காக மாநில அரசே வரியைக் கட்டுகிறது. வீடு கைமாறும்போது வட்டியுடன் திரும்பப் பெறுகிறது. முதியவர் வீட்டை இழப்பதில்லை. ஊர் வரியை இழப்பதில்லை. இங்கும் அத்தகைய ஏற்பாடு செய்தால் என்ன?

இல்லாதவருக்கு இடம் கொடுப்போம். இருப்பவரிடம் இயன்றதைப் பெறுவோம். அப்படிப் பெற்ற பணம் எந்தத் தெருவில் விளக்காக எரிகிறது, எந்தக் கால்வாயில் நீராக ஓடுகிறது என்று வட்டந்தோறும் கணக்குக் காட்டச் சொல்வோம். கணக்குக் காட்டும் மன்றத்துக்கு வரி கட்ட மக்கள் தயங்கார்!