எதற்காக அளக்கிறோம்?



விளையாட்டையும் கலையையும் சேர்த்துப் பேசச் சொன்னார்கள். இரண்டுக்கும் முதல் ஒன்றுதான்: உடம்பு. எழுதுகிறவனுக்குப் பேனா கைக்கு வெளியே இருக்கிறது. பேனா சரியில்லை என்று யாராவது சொன்னால் அவன் வேறு பேனா வாங்கிக்கொள்வான். ஓடுகிறவளும் ஆடுகிறவளும் எங்கே போய் வாங்குவார்கள்? அவர்கள் உடம்பைக் குறை சொன்னால் ஆளையே குறை சொன்னதாகத்தான் ஆகும். உடம்பை அளக்காத மைதானமும் இல்லை, மேடையும் இல்லை. அளக்கட்டும். ஆனால், எதற்காக அளக்கிறோம்? இன்று நான் கேட்க வந்தது அந்த ஒரு கேள்வியைத்தான்.

நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. செங்கல் சூளையில் உழைத்த பெற்றோரின் மகள் சாந்தி சௌந்தரராஜன் பிறந்த ஊர். 2006 டிசம்பரில், தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில், 800 மீட்டர் ஓட்டத்தை 2 நிமிடம் 3.16 விநாடியில் முடித்து வெள்ளி வென்றார். அந்த விநாடிக் கணக்கில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஊக்கமருந்து உண்டார் என்று யாரும் சொல்லவில்லை. சந்தேகம் வந்தது அவர் உடம்பின்மேல். பாலினச் சோதனை நடத்தினார்கள், பதக்கத்தைப் பறித்தார்கள். மருத்துவரின் அறைக்குள் இருந்திருக்க வேண்டிய முடிவு, தொலைக்காட்சியில் ஊரே பார்க்கும் செய்தியாயிற்று. சில ஆண்டுகள் கழித்து அவர் மறுபடி செங்கல் சூளையில் கூலிக்குப் போனதையும் இந்த நாடு பார்த்தது. பிறகு அவரே படித்துப் பயிற்சியாளராகி, அடுத்த தலைமுறையை ஓடவைத்தார். அந்த வைராக்கியம் அவருடையது. அதில் நாம் பங்கு கேட்க முடியாது.

உடனே ஒருவர் எழுந்து கேட்கலாம்: "பெண்கள் பிரிவு என்று ஒன்று இருந்தால் அதற்கு எல்லை வேண்டாமா?" நியாயமான கேள்வி. எல்லையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை எங்கே போடுவது என்று உலகத் தடகள அமைப்பே தடுமாறியிருக்கிறது. ஒடிசாவின் ஓட்டக்காரர் தூத்தி சந்த்தை, அப்படி ஓர் எல்லை விதியைக் காட்டி, 2014இல் காமன்வெல்த் போட்டிக்கு முன்பு விலக்கினார்கள். அவர் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனார். 2015இல் அந்த விதியையே மன்றம் நிறுத்திவைத்தது. 2018 ஆசியப் போட்டியில் அதே பெண் இரண்டு வெள்ளி வென்றார். அதற்குப் பிறகும் விதிகள் மாறிக்கொண்டேதான் இருக்கின்றன. இப்படி ஆண்டுக்கு ஆண்டு நகரும் கோட்டை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் மானத்தை மட்டும் ஒரே நாளில் தீர்த்துவிடலாமா?

அளவுகோலே கெட்டதா? இல்லை. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டிக்கு வாருங்கள். ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் பேருந்து மோதி, மாரியப்பன் தங்கவேலுவின் வலது கால் நசுங்கியது. பாராலிம்பிக்கிலும் உடம்பை அளக்கிறார்கள். மற்ற போட்டிகளைவிட நுணுக்கமாகவே அளக்கிறார்கள். எந்தத் தசை இயங்குகிறது, எந்த மூட்டு மடங்குகிறது என்று பார்த்து, இவர் இந்தப் பிரிவு என்று இடம் கொடுக்கிறார்கள். அந்த இடத்தில் நின்று 2016இல் ரியோவில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார் மாரியப்பன். டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். அங்கேயும் வகைப்படுத்தலில் சண்டை சச்சரவு உண்டு. ஆனாலும் அந்த அளவுகோல் ஆளை உள்ளே அழைப்பதற்காகச் செய்யப்பட்டது. தோகாவில் நீட்டிய அளவுகோல் வெளியே தள்ளியது.

இனி மேடைக்கு வருவோம். நம் மரபு இந்த விஷயத்தில் மைதானத்தைவிடத் தாராளமானது. நம்மாழ்வார் பராங்குச நாயகியானார். திருமங்கை மன்னன் பரகால நாயகியானார். மெலட்டூர் பாகவத மேளாவில் ஆண்களே பெண் வேடம் கட்டி ஆடுகிறார்கள், கூத்திலும் அப்படித்தான். ஊர் கைகூப்பிப் பார்க்கிறது. ஆனால் வேடம் கலைந்த பிறகும் ஒருவர் "நான் பெண்தான்" என்று சொன்னால், அதே ஊர் கதவைச் சாத்துகிறது. மதுரையில் பிறந்த பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜ் அந்தச் சாத்திய கதவுகளைப் பார்த்தவர். அவரை மாணவியாகச் சேர்த்துக்கொண்டவர், தஞ்சை நால்வர் வழிவந்த நாட்டிய ஆசான் கிட்டப்பா பிள்ளை. அடவு சுத்தமா, தாளம் நிற்கிறதா, முகத்தில் பாவம் வருகிறதா என்று அந்த ஆசான் பார்த்தார். அவருடைய அளவுகோலும் கடுமையானதுதான். ஆனால் அது வித்தையை அளந்தது. அந்த மாணவிக்கு 2019இல் பத்மஸ்ரீ வந்தது.

ஆளை உள்ளே விடுவதா, வெளியே தள்ளுவதா என்ற இந்த வழக்கு புதுக்கோட்டைக்குப் புதிதா? மகாராஜா கல்லூரியில் முத்துலட்சுமி என்ற பெண் படிக்க வந்தபோதும் எதிர்ப்பு கிளம்பியது. பெண் என்பது ஒரு குற்றம். தாயின் குலம் இன்னொரு குற்றம். மன்னர் இடம் கொடுத்தார். அந்தப் பெண் பிறகு 1912இல் மருத்துவரானார். புதுக்கோட்டை இடம் கொடுத்ததால் நாட்டுக்கே லாபம்.

ஆகவே, கைதட்டிக் கலைவதற்கு முன் மூன்று கோரிக்கைகள். ஆசிரியர்களே, பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் வாங்காதீர்கள். தன் உடம்பு எதற்கு லாயக்கு என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கும் ஒரே மணிநேரம் அது. பெற்றோர்களே, "இந்த உடம்பை வைத்துக்கொண்டா ஆடப்போகிறாய்?" என்ற கேள்வியை வீட்டில் யார் கேட்டாலும் அங்கேயே நிறுத்துங்கள். விளையாட்டை நிர்வகிக்கும் பெரியவர்களே, விதி வேண்டுமானால் போடுங்கள். போட்டிக்கு முன்பே சொல்லுங்கள், முடிவை ரகசியமாக வையுங்கள், மேல்முறையீட்டுக்குத் துணை நில்லுங்கள். சாந்தி ஓடி வென்ற வெள்ளியைச் சாந்தியிடமே திருப்பிக் கொடுங்கள். இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக எழுதி, இந்தக் கூட்டத்திலேயே நிறைவேற்ற வேண்டும் என்று அவைத் தலைவரைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.