மனசுக்கும் வைத்தியம் உண்டு

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு என்று வெளியே சொல்லிடறோம். "மனசு சரியில்லை, ராத்திரி தூக்கமே வரலை" என்று மட்டும் சொல்ல மாட்டோம். உடல், மனம், சமூக வாழ்வு மூன்றும் நல்லா இருப்பதுதான் ஆரோக்கியம் என்று உலக சுகாதார நிறுவனம் 1948-லேயே சொல்லிவிட்டது. நாம்தான் நடுவில் இருப்பதை விட்டுவிட்டோம்.

கவலை வேறு, மனச்சோர்வு நோய் வேறு. கடன், சண்டை, சாவு வந்தால் யாருக்கும் மனசு பாரமாகும். நாள் போகப் போக இறங்கும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் சாப்பாடும் கெட்டு, வேலை ஓடாமல் இருந்தால் அது நோயாக இருக்கலாம். பிள்ளை பெற்ற பெண்ணுக்கும் வரும். அது சோம்பேறித்தனம் இல்லை, திமிர் இல்லை, பேய் பிசாசும் இல்லை. ஆலோசனையும் மருந்தும் கிடைத்தால் பெரும்பாலும் தேறிடலாம்.

கட்டி வைத்தால் தேறாது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தாங்க. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது. கோயிலுக்கும் தர்காவுக்கும் போய் வேண்டிக்கோங்க, மாத்திரையை நிறுத்திடாதீங்க.

இனி பொது சுகாதாரம். டெங்கு வந்தவருக்கு டாக்டர் வைத்தியம் பார்க்கிறார். தேங்கிய தண்ணீரைக் கொட்டிக் கொசு வராமல் தடுப்பது ஊர் வேலை. மனசு விஷயத்திலும் அப்படித்தான். இலங்கையில் 1990-களில் தற்கொலை மிக அதிகம். கொடிய பூச்சிமருந்துகளை அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்தது. சுமார் இருபது ஆண்டில் தற்கொலை விகிதம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. அங்கே எல்லார் கவலையும் தீர்ந்துவிடவில்லை; கெட்ட நேரத்தில் கைக்கெட்டும் இடத்தில் அந்த விஷம் இல்லை, அவ்வளவுதான். நம்ம வீட்டிலும் பூச்சிமருந்தைப் பூட்டி வைப்போம்.

இப்போ நம்ம குழுவுக்கு வர்றேன். ஒரு உறுப்பினர் இரண்டு கூட்டமாக வரலை, தவணையும் கட்டலை. நாலு பேர் போய் வாசலில் நின்று சத்தம் போடுவது சில இடத்தில் நடக்குது. வேண்டாம் சகோதரிகளே. "கடன் நின்னா பேங்க்ல குழு பேர் கெடுமே" என்பீங்க. உண்மைதான். ஆனால் தவணையைத் தள்ளி வைத்துத் தீர்மானம் போடலாம். போன உயிருக்கு எந்தத் தீர்மானமும் போட முடியாது. முதலில் நெருக்கமான ஒருத்தர் போய், "சாப்பிட்டியா, தூங்கினியா?" என்று கேளுங்க. சந்தேகமாக இருந்தால், "செத்துடலாம்னு தோணுதா?" என்றும் கேளுங்க. கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியா விடாதீங்க. அவங்க சொன்னதைத் தெருவில் பேசாதீங்க.

14416, இது டெலி மானஸ். இலவசம், இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கு. கூட ஒருத்தர் துணைக்குப் போனால் அவங்களுக்குத் தைரியம் வரும்.

அடுத்த கூட்டத்தில் வரவு செலவு பார்ப்பதற்கு முன்னால், வராதவங்க பேரைப் பாருங்க. தீர்மான நோட்டின் முதல் பக்கத்தில் 14416 என்று எழுதி வைங்க.