பானர்மன் துரையின் இடைவார்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நாடக உடைக்குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை)



ரயில்வே அலுவலகத்தில் சரக்குக் கணக்கு எழுதிக் காலங்கழிக்கும் எங்களுக்கு ஓவியங்களைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று நீங்கள் எண்ணலாம். தகுதி யாதொன்றும் இல்லை. சென்ற ஆண்டு விழாவில் இம்மேடையிலே நேர்ந்த அவமானமே எங்களை இத்துறைக்கு இழுத்து வந்தது.

அன்று கட்டபொம்மன் நாடகம். கயத்தாற்றுக் காட்சி. மேஜர் பானர்மன் மரண தண்டனையை வாசிக்கின்றார். அவருக்கு நாங்கள் அணிவித்திருந்தது காக்கி உடையும், அகன்ற தோல் பெல்ட்டும். முன்வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி எழுந்து, “மாமா, அது எங்கள் பள்ளிக்கூடத்துக் காவல்காரர் பெல்ட் அல்லவா?” என்று உரக்கக் கேட்டாள். அரங்கு முழுவதும் நகைத்தது. தூக்குமரத்தின் முன் நின்ற கட்டபொம்மனும் உதட்டைக் கடித்துக்கொண்டார். 1799 அக்டோபரில் ஒரு வீரன் உயிர் துறந்த காட்சி நம் கரக்பூரில் நகைச்சுவைக் காட்சியாயிற்று.

குழந்தை சொன்னதில் பிழையில்லை. காக்கி என்பது 1840-களின் பிற்பகுதியில், வடமேற்கு எல்லையில் லம்ஸ்டன் என்பார் திரட்டிய படையில்தான் முதன்முதல் சீருடையாயிற்று. பானர்மன் கண்ணால் கண்டிராத துணி அது.

இவ்வாண்டு அதே நாடகத்தைச் செவ்வனே நடத்துவோம் என்று செயற்குழுவிடம் நாலாயிரம் ரூபாய் கேட்டோம். தமிழ் வகுப்பிற்குப் பெஞ்சு வாங்க வைத்திருந்த பணம் அது என்றார்கள். மூத்த அங்கத்தினர் ஒருவர், “பகைவனை அலங்கரிக்கவா சங்கத்துப் பணம்?” என்று கேட்டார். அன்று எங்களால் விடை சொல்ல இயலவில்லை. இறுதியில் இரண்டாயிரம் கிடைத்தது, பைசாக் கணக்குடன் ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

விடுமுறை நாளொன்றில் கல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபத்திற்குச் சென்றோம். அங்குள்ள சேகரிப்பில் ஸோபனி என்னும் ஓவியர் 1786-87 காலத்தில் லக்னோவில் எழுதிய படம் ஒன்று உண்டு. கர்னல் போலியரும் அவர் நண்பர்களும் ஓர் அறையில் இருக்கின்றனர். லா மார்ட்டினியேர் பள்ளிகளுக்குத் தம் உயிலில் பொருள் வைத்த கிளாட் மார்ட்டினும் அவர்களுள் ஒருவர். படம் எழுதும் ஓவியரும் படத்திற்குள்ளேயே அமர்ந்திருக்கின்றார். பழங்களும் காய்களும் ஏந்திப் பணியாளர் நிற்கின்றனர். குரங்கு ஒன்றும் இருக்கின்றது. காவலர் எங்களைச் சந்தேகத்தோடு பார்க்கும் வரை அப்படத்தின் முன் நின்றோம். துரைமாரின் இடுப்பையே உற்று நோக்கும் மூவரைக் கண்டால் எவருக்குத்தான் ஐயம் தோன்றாது!

நாங்கள் தேடியது பெல்ட். அது காணப்படவில்லை. மற்ற ஓவியங்களின் படிகளைப் புத்தகங்களில் புரட்டினோம், அங்கும் இல்லை. நெடுநாள் கழித்தே விளங்கிற்று, அக்காலத்துக் காற்சட்டைக்குப் பெல்ட்டே கிடையாது என்பது. முழங்கால் வரை வரும் அக்காற்சட்டையின் இடுப்புப் பட்டையை முன்புறம் பொத்தானிட்டு, பின்புறம் கயிறு கோத்து இறுக்கினார்கள். பெல்ட் நுழைக்கும் காதுகளே இல்லை. பின்புறக் கயிறு நாங்கள் பார்த்த ஓவியம் எதிலும் தெரியவில்லை. எவர்தாம் முதுகைக் காட்டிக்கொண்டு படத்திற்கு அமர்வார்? அருங்காட்சியகங்களில் எஞ்சிய பழைய உடைகளின் புகைப்படங்களிலேயே அதைக் கண்டோம். ஆகவே அந்நாளில் வார் என்பது துணியைத் தாங்க அன்று, வாளைத் தாங்கவே. வலத்தோளிலிருந்து மார்பின் குறுக்காக இடப்பக்கம் இறங்கும் வெள்ளைத் தோள்வார். அதன் நடுவே மார்பில் ஒரு பித்தளைத் தகடு. இடையிலே அரக்குச் சிவப்புப் பட்டுக் கச்சை. 1768-க்குப் பின் ஆங்கிலக் காலாட்படை அதிகாரிகள் அக்கச்சையை இடையிற் சுற்றி இடப்பக்கம் முடிந்தனர்.

இனி அளவு. ஓவியத்தில் அடிக்கோல் இல்லை. ஆனால் முகம் இருக்கின்றது. மோவாய் முதல் முன்மயிர் வரை வளர்ந்த ஆணுக்கு ஏறத்தாழ 7 அங்குலம் என்று எங்கள் முகங்களையே அளந்து கொண்டோம். படியிலே முகம் 21 மில்லிமீட்டர், தோள்வாரின் அகலம் 7. எனவே வார் முகத்தில் மூன்றிலொரு பங்கு. இரண்டேகால் அங்குலத்திற்குச் சற்று அதிகம். சரக்குக் கட்டணம் போட்ட கைக்கு இக்கணக்கு பெரிதன்று.

நிறத்தில் ஒரு முறை வழுக்கினோம். படத்தில் வார் இளமஞ்சளாகத் தெரிந்தமையால் கான்வாஸ் துணியை மஞ்சளில் நனைக்க வாளி வரை கொண்டுபோய்விட்டோம். எண்ணெய் ஓவியத்தின் மேற்பூச்சு நாளாக ஆக மஞ்சளிக்கும் என்பதை ஓவிய ஆசிரியர் ஒருவர் தக்க நேரத்தில் உரைத்தார். அப்படத்தில் துரையின் கண்ணின் வெள்ளையும் மஞ்சளாகத்தானே இருந்தது! அவருக்கு என்ன காமாலையா? சிப்பாய்கள் வெண்களிமண் குழைத்து வாரை வெளுத்தார்கள். நாங்கள் பள்ளிப் பிள்ளைகளின் கான்வாஸ் பூட்ஸுக்குப் பூசும் வெள்ளையைப் பூசினோம்.

இதனினும் பெரிய பிழை வேறொன்று. ஒரு பழைய அச்சுப்படத்தின் நகலைப் பார்த்து முதல் தோள்வாரை இடத்தோளிலிருந்து வலப்பக்கம் தொங்குமாறு தைத்து முடித்தோம். ஒத்திகையில் பானர்மன் வாளை உருவ முயன்று உருவ மாட்டாமல் திணறினார். பிறகு அப்படத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தால், அதிலுள்ள அத்தனை பேரும் இடக்கையால் வாள் பிடித்திருக்கின்றனர்! ஓவியத்தைப் பார்த்துச் செப்புத் தகட்டில் அப்படியே செதுக்கி அச்சிட்டால், தாளில் இடம் வலமாகிவிடும். ரப்பர் முத்திரையில் எழுத்துத் தலைகீழாய் இருப்பதை நாள்தோறும் காணும் எங்களுக்கு அது தோன்றாமற் போனது வெட்கக்கேடு.

இடம் வலம் மாறுவது சிறிய செய்தி அன்று. முகலாய ஓவியங்களில் ஜாமா என்னும் நீண்ட அங்கியை முஸ்லிம்கள் வலப்பக்க அக்குளின் கீழும், இந்துக்கள் இடப்பக்கமும் முடிந்திருப்பார்கள். படம் புரண்டு அச்சானால் ஆளின் மதமே மாறிவிடும். நம் நாடகத்தில் ஆற்காட்டு நவாபின் தூதர் வருகின்றார். அவர் அங்கியை வலப்பக்கம் முடிந்திருக்கின்றோம்.

கலெக்டர் ஜாக்சனுக்கு வருவோம். அவர் படைவீரர் அல்லர். அவருக்கு வேண்டியவை முழங்கால் பக்கிள் இரண்டு, காலணிப் பக்கிள் இரண்டு. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம், வால்சால், உல்வர்ஹாம்டன் ஊர்களில் ஆயிரக்கணக்கானோர் பக்கிள் செய்து பிழைத்தார்கள். மக்கள் காலணிக்குக் கயிறு கட்டத் தொடங்கியதும் அவர்கள் தொழில் படுத்தது. 1791-இல் இளவரசரிடம் சென்று முறையிட்டார்கள். அப்படியானால் 1798-இல் ஜாக்சன் பக்கிள் அணிந்திருப்பாரா என்று எங்களுக்குள் இரண்டு வாரம் வழக்கு நடந்தது. பாய்க்கப்பல் சென்னை வந்து சேர ஐந்தாறு மாதம், அதன்பின் ராமநாதபுரம். நாகரிகமும் அதே கப்பலில்தானே வரவேண்டும்? பக்கிளுக்கே தீர்ப்பாயிற்று.

ஓவியத்தில் தெரிவது சட்டம் மட்டுமே. அதன் அடியிலுள்ள முள்ளும் கொக்கியும் தெரியா. ஆகவே முதற் பக்கிளைப் பசையால் ஒட்டினோம். ஜாக்சன் சினந்து காலை உதைத்த வேகத்தில் அது பறந்து ஆர்மோனியக்காரர் மடியில் விழுந்தது. உண்மையான பக்கிள் காலணியோடு ஒட்டியதன்று. கழற்றி வேறொரு காலணிக்கு மாட்டிக்கொள்ளும் நகை போன்றது. இப்போது பழைய பித்தளைத் தாம்பாளம் ஒன்றை வெட்டி, காலின் மேற்புற வளைவிற்கேற்ப வளைத்து, உள்ளே முள் வைத்துச் செய்திருக்கின்றோம். தாம்பாளம் எங்கள் வீட்டுடையது. ரயில்வே பட்டறைப் பித்தளையில் ஒரு துகளையும் நாங்கள் தொடவில்லை என்பதை இச்சபையில் பதிவு செய்கின்றோம்.

நிற்க. கட்டபொம்மனுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்பீர்கள். அவர் 1798 செப்டம்பரில் ஜாக்சனைச் சந்தித்தது ராமநாதபுரத்து ராமலிங்க விலாசத்தில். அம்மாளிகையின் சுவர்களில் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்து ஓவியங்கள் உள்ளன. சேதுபதி மன்னர், தஞ்சை மராத்தியரோடு போர், தொப்பியணிந்த ஐரோப்பியர் எல்லாம் அவற்றில் உண்டு. எங்களில் ஒருவர் ஊருக்குப் போக எடுத்த பாஸிலேயே ராமநாதபுரம் சென்று, இரண்டு நாள் அங்கிருந்து பென்சிலால் வரைந்து வந்தார். அவர் வரைந்த தாள்களில் இடைதோறும் துணிக் கச்சை இருந்தது. நாடகக் கம்பெனிப் பாணியில் சிங்கமுகப் பித்தளைப் பூட்டு ஒன்றில்கூட இல்லை. அப்பூட்டைக் கழற்றி வைத்தோம். எங்கள் கட்டபொம்மனுக்கு மனவருத்தம்தான். துணியில் வாள் நிற்காது என்று வாதாடினார். இளமையில் சிலம்பம் பயின்ற காலனிப் பெரியவர் ஒருவர் வந்து, தொப்புளுக்குக் கீழே இருமுறை இறுக்கிச் சுற்றி முடிந்து காட்டிய பின் அவரும் நிமிர்ந்து நின்றார்.

அன்று மாலை இருவரும் முழு உடையில் எதிரெதிரே நின்றனர். ஒருவர் மார்பில் வெள்ளை வாரும் தகடும். மற்றவர் இடையில் ஒரு முழத்துணி. செயற்குழுவில் எங்களைக் கேள்வி கேட்ட பெரியவர் ஒத்திகை பார்க்க வந்திருந்தார். நெடுநேரம் ஒன்றும் பேசாதிருந்து, “இவனை எதிர்த்தா அவன் நின்றான்!” என்று மட்டும் சொல்லி எழுந்து போனார்.

ஒரு செய்தியை விட்டுவிட்டோம். அந்த மார்புத் தகடு முற்றும் மறைந்துவிடவில்லை. கச்சேரிச் சேவகர்கள் தோளில் வாரும் தகடும் அணிந்ததை நம்மவர் டவாலி என்றும் வில்லை என்றும் சொன்னார்கள். இங்கே நம் அலுவலகத்தில் சப்ராசி என்று அழைக்கின்றோமே, அப்பெயரே சப்ராஸ் என்னும் அத்தகட்டிலிருந்து வந்தது. தகடு போய்விட்டது, பெயர் இன்றும் நமக்குத் தேநீர் கொண்டு வருகின்றது.

கணக்கு: செலவு 1,860 ரூபாய். மீதி 140 பெஞ்சு நிதியில் சேர்க்கப்பட்டது. பானர்மனின் பட்டுக் கச்சை கடையில் வாங்கியதன்று. காலனித் தாயார் ஒருவர் கொடுத்த கிழிந்த அரக்குப் பட்டுப்புடவை அது. உடன் வரும் லெப்டினன்டுக்கு இன்னும் ஒரு கச்சை வேண்டும். ஐந்து கஜம் போதும். கறை இருந்தாலும் கிழிசல் இருந்தாலும் குற்றமில்லை; ஜரிகை மட்டும் இருத்தலாகாது. இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் நூல்நிலையத்தில் கொடுத்துதவ வேண்டுகின்றோம்.