"மண்டையில ஏறாது" என்று சொல்லலாமா?

(பதுளைப் பகுதித் தோட்டமொன்றில், சம்பள நாள் மாலை நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டுக் களைத்துப்போய் வந்திருக்கிறீர்கள். அதிக நேரம் பிடிக்க மாட்டோம்.

எங்கள் அப்பாமார் காலத்தில் தோட்டப் பாடசாலை என்றால் ஒரு மண்டபம், ஒரு மாஸ்டர், ஐந்தாம் வகுப்போடு சரி. பிறகு மலைதான். 1970களின் கடைசியிலிருந்து அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்றது. 2016 முதல் 16 வயது வரை பிள்ளை படிக்க வேண்டும் என்பது சட்டம். சட்டம் இருந்தும் ஆறாம், ஏழாம் தரத்தில் பிள்ளைகள் மெல்ல நழுவிவிடுகிறார்களே, ஏன்?

இதில் எங்கள் பிழையையும் ஒளிக்காமல் சொல்கிறோம். சில வருசத்துக்கு முன் ஒரு தகப்பன் வந்தார். "ஐயா, மகன் ஏழாம் தரம். படிப்பு ஏறல" என்றார். "ஏறாட்டி ஏன் கஷ்டப்படுத்துறீங்க? ஒரு தொழில் பழக்குங்க" என்று நாங்கள் சொல்லிவிட்டோம். அடுத்த மாதம் பையன் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். வயது 12.

அந்தப் பையன் யார் தெரியுமா? "அம்மா எடுத்தது 23 கிலோ, கழிவு 2, பேருக்கு 18, மிச்சம் 3" என்று விரல் மடக்காமல் கொழுந்துக் கணக்குச் சொன்னவன். அவனுக்கா கணக்கு ஏறாது? புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளி எடுக்கவில்லை. அன்றிலிருந்து வீட்டிலும் லயத்திலும் "மக்கு" என்றார்கள். அவனும் அதை நம்பிவிட்டான். நல்ல பாடசாலைக்கும் உதவிப் பணத்துக்கும் பிள்ளைகளைத் தெரிவு செய்கிற பரீட்சை அது. மூளை இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிற பரீட்சை அல்ல. அதோடு ஆறாம் தரத்தில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர், புதுப் புத்தகங்கள், தூரத்துப் பாடசாலை. தடுமாறாத பிள்ளை ஏது?

அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆராய்ச்சி ஒன்று 1998இல் வெளிவந்தது. சில பிள்ளைகளிடம் "நீ கெட்டிக்காரன்" என்றார்கள். சிலரிடம் "நல்லா முயற்சி செய்தாய்" என்றார்கள். பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்துத் தோற்க வைத்தார்கள். கெட்டிக்காரன் என்று கேட்டவர்கள் சோர்ந்துபோனார்கள். முயற்சியைப் பாராட்டக் கேட்டவர்கள் விடாமல் செய்தார்கள். புகழ்ச்சியே இப்படியென்றால் "மக்கு" என்ற சொல் என்ன செய்யும்?

"எங்களுக்கு எழுத்தே தெரியாதே, என்ன சொல்லிக் குடுக்கிறது?" என்று கேட்பீர்கள். சொல்லிக் கொடுக்க வேண்டாம், கேளுங்கள். எட்டாம் தரப் பிள்ளைகளிடம் விஞ்ஞானப் பாடத்தைச் சின்னச் சின்னக் கேள்விகளாகத் திரும்பக் கேட்டுப் பார்த்தார்கள். கேட்ட பகுதிகளில் பரீட்சைப் புள்ளி கூடியது. 2011இல் வெளிவந்த ஆராய்ச்சி இது. கொப்பியைப் பார்த்துப் பார்த்து எழுதுவதைவிட, மூடி வைத்துவிட்டு ஞாபகத்திலிருந்து சொல்வதுதான் மனதில் நிற்கும்.

எங்கள் தோட்டத்து அம்மா ஒருவர் கைநாட்டு வைப்பவர். ரொட்டி சுடும்போது மகளிடம், "இன்னைக்கு என்ன படிச்ச? எனக்கு வெளங்குற மாதிரி சொல்லு" என்பார். ஒருநாள் பிள்ளை ஆவியாதலைச் சொன்னாள். "அப்ப இஸ்டோர்ல கொழுந்து வாட்டுறப்போ தண்ணி போறதும் அதுதானா?" என்றார் அம்மா. பிள்ளைக்குத் தெரியவில்லை. "நாளைக்கு டீச்சர்கிட்ட கேட்டுட்டு வா" என்றார். மறுநாள் கேள்வியோடு வகுப்புக்குப் போன பிள்ளைக்கு எங்கே தூக்கம் வரும்?

லயக் காம்பராவில் டிவி சத்தத்தில் படிக்க முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். ஆகவே திங்கட்கிழமை முதல் பிள்ளைக் காம்பராவை மாலை 6 மணியிலிருந்து 8 மணி வரை திறந்து வைக்கிறோம். லைட் போட்டாயிற்று. பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். முதல் பெயர் ஏற்கனவே எழுதியாயிற்று. கொழும்புக்குப் போன அந்தப் பையனின் தங்கை, ஆறாம் தரம். அவள் அப்பாவே வந்து கொடுத்தார்.