மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார்



வீட்டிலே செய்த மோட்டார் வண்டி என்றதும் தம்பிமார் சிரிக்கிறீர்கள். தகட்டை வெட்டிப் புதிதாகச் செய்த வண்டியை நான் சொல்லவில்லை. 1990ஆம் ஆண்டிலே கண்டி வீதி மூடப்பட்டு, மின்சாரமும் நின்று, பெற்றோல் காணக் கிடையாப் பொருளானபோது, யாழ்ப்பாணத்துக் கராச்சுகளிலே மறுபிறவி எடுத்த ஒஸ்ரின், மொறிஸ் மைனர் வண்டிகளையே சொல்லுகிறேன்.

பெற்றோல் இலகுவில் ஆவியாகும். மண்ணெண்ணெய்க்கோ சூடு வேண்டும். ஆகவே, சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தை முடுக்கி, சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். அழுத்தம் குறைந்த பழைய இயந்திரமாதலால் பொறுத்துக்கொண்டது. புகையோ சொல்லுந் தரமன்று! பின்னால் சைக்கிளில் வந்தவரைத்தான் கேட்கவேண்டும். பிளக்கிலே கரி படியும். நடுவழியில் கழற்றித் துடைத்துப் பூட்டவேண்டும். ஆனாலும் கலியாண வீட்டுக்கும் ஆசுபத்திரிக்கும் அந்த வண்டிதான் போயிற்று.

இரவிலே சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒரு பிள்ளை பெடலைச் சுற்ற, டைனமோவின் மின்சாரத்தில் வானொலி பேசும். செய்தி முடியுமுன் பிள்ளை களைத்தால் வீட்டிலே சண்டை.

பாதை 2002இல் திறந்து, 2006இல் மூடி, 2009இல் மீண்டும் திறந்தது. இன்று வண்டி பழுதானால் கணினியைப் பூட்டி நோயறிகிறார்கள். நல்லதுதான், புகையும் குறைந்தது. ஆயினும் அன்று கைப்பழக்கத்தால் வண்டியைப் பேசவைத்த கராச்சுக்காரர் பலர் இன்று முதியவராகிவிட்டனர். தம்பிமாரே, இந்த விடுமுறையில் ஒரு கொப்பியோடு அவர்களிடம் போங்கள். எதைக் கழற்றினர், எதை மாற்றினர் என்று கேட்டு எழுதுங்கள். படமும் கீறுங்கள்.